யாருடா அது, புது பவுலரா?

சென்னை ரசிகர்களுக்கு 2020 செப்டம்பர் 19 நினைவிருக்கும். தோனி சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓராண்டுக்கு மேல் அவரைக் களத்தில் யாரும் பார்க்கவில்லை. கொரோனாவால் அமீரகத்துக்குப் போன ஐபிஎல் அன்றுதான் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே மும்பையோடு அபுதாபியில் மேட்ச். எங்கள் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் மத்தியானத்திலிருந்தே விசில் சத்தம். ராத்திரி ராயுடு 71 அடித்தார், சென்னை ஜெயித்தது.

அந்த மேட்ச் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லேப்டாப்பில் பிரான்ஸின் கிழக்கு மூலையில் இருந்தேன். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். வழக்கமாக ஜூலையில் நடப்பது, அந்த வருஷம் கொரோனாவால் செப்டம்பருக்குத் தள்ளிப் போயிருந்தது. மூன்று வாரப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தைய நாள். லா பிளாஞ்ச் தே பெல் ஃபீ என்கிற மலையில் முடியும் 36 கிலோமீட்டர். கூட்டமாக இல்லை, ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி கடிகாரத்தோடு ஓட்டவேண்டும். அதுவரை எல்லா நாளும் சேர்த்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி ஸ்லொவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச்சிடம் இருந்தது, 57 நொடி முன்னிலையோடு. மறுநாள் பாரிஸில் முடியும் கடைசி நாள் வெறும் சம்பிரதாயம். இரண்டாம் இடத்தில் இருந்தவரும் அதே நாட்டுக்காரர்தான், 22 வயதுகூட நிறையாத தடேய் போகச்சார்.

மலை தொடங்கியதும் திரையின் ஓரத்தில் அந்த 57 கரைய ஆரம்பித்தது. நாற்பது. இருபது. பூஜ்யம். ரோக்லிச்சின் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராமல் கோணிக்கொண்டு நின்றது, முகம் வெளிறிவிட்டது. முன்னமே ஓட்டி முடித்து மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அணித்தோழர்கள் வான் ஆர்ட்டும் டுமுலானும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு நாளில் போகச்சாரிடம் ரோக்லிச் இழந்தது ஒரு நிமிடம் 56 நொடி. டூர் 59 நொடியில் கைமாறியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். குரூப்பில் தட்டினேன்: “போகச்சார்!!! நம்பவே முடியல!!!”

பதில் உடனே வந்தது. “யாருடா அது, புது பவுலரா?”

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. அப்புறம் மறுபடி ராயுடு.

கோபமெல்லாம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ரசிப்பதில் பாதி வேலை பேச்சுதான். மேட்ச் முடிந்த மறுநாள் டீக்கடையில் நின்று, அந்த ஓவரை அவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்று நாலு பேர் சண்டை போடாவிட்டால் அந்த மேட்ச் முடிந்த மாதிரியே இருக்காது. என்னுடைய பந்தயங்கள் எல்லாம் அப்படி முடியாமலேயே நிற்கின்றன.

இந்தக் கிறுக்கு எனக்கு வந்தது யூடியூபில், அதுவும் ஒரு விபத்து வீடியோவில். 2011 டூர். கூட்டத்தை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்த சிலரை பிரெஞ்சு டிவி கார் ஒன்று முந்தப் பார்க்கிறது. ஓரத்தில் ஒரு மரம். கார் சட்டென்று ஒடிக்கிறது, ஃப்ளெச்சா என்கிற ஸ்பெயின்காரர் மேல் இடிக்கிறது. அவர் விழுந்த வேகத்தில் பக்கத்தில் வந்த நெதர்லாந்தின் ஜானி ஹூகர்லாந்து காற்றில் பறந்து முள்கம்பி வேலியில் போய் விழுகிறார். வீடியோ அத்தோடு முடிந்துவிடும். அந்த ஆள் என்ன ஆனான் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை, தேடிப் பார்த்தேன். எழுந்து, கிழிந்த கால்சட்டையோடு, கால் முழுக்க ரத்தம் வழிய மிச்ச தூரத்தையும் ஓட்டி முடித்திருக்கிறார். மலை ஏற்றத்தில் முதலிடம் வகிப்பவருக்கான சிவப்புப் புள்ளி ஜெர்சி அன்று அவருக்குத்தான். மேடையில் அதைப் போட்டுக்கொண்டு அழுகிறார். அப்புறம் 33 தையல். பாரிஸ் வரை போய்ச் சேர்ந்தும்விட்டார்.

அன்று அந்த முன்வரிசையில் தப்பித்த இன்னொருவர் தோமா வோக்லர். அன்றைய முடிவில் மஞ்சள் ஜெர்சி அவரிடம் வந்தது. பெரிய மலைக்காரரும் இல்லை, அவருடையது பெரிய அணியும் இல்லை. இரண்டு நாளில் பறிபோகும் என்றார்கள். நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, பத்து நாள் விடாமல் வைத்திருந்தார். கடைசியில் 21 கொண்டை ஊசி வளைவுள்ள ஆல்ப் துயேஸில்தான் விட்டுக்கொடுத்தார். 1985-ல் பெர்னார்ட் இனோவுக்குப் பிறகு டூரை ஜெயித்த பிரெஞ்சுக்காரர் யாருமில்லை. அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து ரோட்டோரம் நின்று அவரைக் கத்தித் தள்ளிய வீடியோக்களைப் பார்த்து முடித்தபோது விடிந்திருந்தது. அதற்கப்புறம் எனக்கு ஜூலை என்றால் இதுதான்.

நம் நேரப்படி அனேகமாக ஒன்பது மணி வாக்கில் ஒரு நாள் பந்தயம் முடியும். அது சாப்பாட்டு நேரம். அதனால் என் முதல் துணை அம்மாதான். அவருக்குப் பந்தயம் முக்கியமில்லை. ஹெலிகாப்டரில் காட்டும் கோட்டைகள், தேவாலயங்கள், சூரியகாந்திக் காடு, வயலில் டிராக்டர்களை வட்டமாக நிறுத்தி விவசாயிகள் போடும் ராட்சச சைக்கிள் கோலம், இதற்காக உட்காருவார். ஒருநாள் கேட்டார், “ஏஞ்சாமி, இவனுக எல்லாம் எங்க போறானுக?”

“பாரிஸுக்கும்மா.”

“அந்த ஊருக்கு பஸ் இல்லியா?”

நண்பர்களின் கேள்விகளும் ஏறக்குறைய இதே ரகம்தான், அம்மாவிடம் இருக்கும் இரக்கம் மட்டும் இருக்காது. ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஐந்து லட்சம் யூரோ. அதையும் ஜெயித்தவர் அணித்தோழர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம் என்றால் நம்பமாட்டார்கள். இந்தியாக்காரன் யாராவது இருக்கிறானா? இல்லை. அப்புறம் எதுக்குடா பார்க்கிற? இதற்கு நான் எரித்ரியாவைச் சொல்வேன். 2024-ல் பினியம் கிர்மாய் டூரின் ஒரு நாள் பந்தயத்தை ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். அதோடு நிற்காமல் மூன்று நாள் ஜெயித்து, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சை ஜெர்சியையும் வாங்கிப் போனார். யாராவது ஒருவர் முதலில் போகத்தானே வேண்டும் என்பேன். “சரி, அப்ப நம்மாளு போகும்போது சொல்லு” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

கடைசியாக ஆம்ஸ்ட்ராங். சைக்கிள் என்று வாயைத் திறந்தாலே, “அந்த ஊசி போட்டவன்தானே?” ஆமாம், அவர்தான். 1999 முதல் 2005 வரை ஜெயித்த ஏழு டூரும் ஊக்கமருந்துக்காக 2012-ல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு வருஷத்துக்கு டூர் பட்டியலில் ஜெயித்தவர் பெயரே கிடையாது, காலியாக விட்டிருக்கிறார்கள். இந்த விளையாட்டைக் காதலிப்பவர்களுக்கு இது ஆறாத புண். இன்றைக்கும் யாராவது மலையில் எல்லோரையும் விட்டுவிட்டுப் பறந்தால், கைதட்டும்போதே மனசின் ஒரு ஓரம் கணக்குப் போடும். அந்த சந்தேகத்தோடு சேர்த்துத்தான் ரசிக்க முடிகிறது. இதை ரசிகனல்லாதவனுக்கு எப்படிச் சொல்வது? அவனுக்கு விஷயம் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காற்று. நூற்றெழுபது சொச்சம் பேர் இப்படி ஏன் ஒட்டி ஒட்டிப் போகிறார்கள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எட்டுப் பேர் அணியில் ஒருவர்தான் ஜெயிக்கப் பிறந்தவர், மற்ற ஏழு பேரும் அவருக்கு மறைப்பு. அணியின் காரிடம் பின்தங்கிப் போய் ஜெர்சிக்குள் முதுகிலும் நெஞ்சிலும் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தைப் பிடித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பார்கள். பக்கவாட்டில் காற்றடித்தால் கதையே வேறு. ஒருவர் பின் ஒருவர் நேராகப் போனால் மறைப்பு கிடைக்காது, சாலையின் குறுக்கே சரிவாக வரிசை கட்டவேண்டும். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. மிஞ்சியவர்கள் ஓரத்தில் தனித்தனியாக மாட்டிக்கொண்டு திணறுவார்கள். பத்து நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் துண்டு துண்டாகிவிடும். எந்த மலையும் வேண்டாம், காலியான சமவெளியும் காற்றும் போதும்.

இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் படித்தது உடுமலையில். வீடு பொள்ளாச்சி ரோட்டில், மேற்கே. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் என்ன பாடு படுத்தும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சும்மாவா சுற்றிலும் காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்கள்? காலையில் பள்ளிக்கூடத்துக்கு மிதிக்காமலே போகலாம். சாயங்காலம் திரும்பும்போது எதிர்காற்றில் சைக்கிள் நின்றே விடும். தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஏதாவது முன்னால் போனால் எல்லோரும் அதன் பின்னால் ஒண்டிக்கொள்வோம். டிராக்டர் இல்லாத நாளில் எங்களுக்குள் முறை வைத்துக்கொள்வோம். “போதும்டா, இப்ப நீ முன்னாடி போ” என்று முன்னால் போனவன் ஒதுங்க, அடுத்தவன் காற்றை வாங்குவான். நோஞ்சானாக ஒருத்தன் இருந்தான், அவனை மட்டும் யாரும் முன்னால் அனுப்பியதே இல்லை. நடுவில் வைத்து வீடு சேர்ப்போம். உலகத்தின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயத்தின் அடிப்படைப் பாடம் மொத்தத்தையும் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் இந்த வாட்ஸப் குரூப்காரர்கள். அந்த நோஞ்சான் இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். போகச்சார் பவுலரா என்று கேட்டவன் அவன்தான்.

இதையெல்லாம் ஞாபகப்படுத்தி அவர்களை இழுத்துப் போட ஒரு காலத்தில் ரொம்ப முயன்றேன். லிங்க் அனுப்புவது, “இந்த ரெண்டு நிமிஷம் மட்டும் பாரு” என்று கெஞ்சுவது, வீட்டுக்கு வந்தவனை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவது. ஆள் சேர்க்கும் வேலை மாதிரி அசிங்கம் வேறில்லை. எதிரில் இருப்பவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவனுக்குப் பிடிக்கிறதா என்று தவித்துக்கொண்டு, நமக்குப் பிடித்ததை நாமே ரசிக்காமல் விடுவோம். நாலு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் கடைசி நாலு நிமிடத்தில் நடக்கும் விளையாட்டு இது. அந்த நாலு மணி நேரத்தைப் பொறுத்தவனுக்குத்தான் நாலு நிமிடம் தித்திக்கும். வெட்டி எடுத்த துண்டில் அது வராது.

இணையத்தில் ஆள் கிடைக்காமல் இல்லை. பெல்ஜியத்திலும் கொலம்பியாவிலும் இருப்பவர்களோடு கியர் பற்களின் எண்ணிக்கை வரை வாதாடியிருக்கிறேன். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு ஜூலையில் ஏன் கண் கலங்குகிறது என்பது அவர்களுக்குப் புரியும், மற்ற பதினோரு மாதமும் நான் எப்படி இருப்பேன் என்பது தெரியாது. குரூப்காரர்கள் அதற்கு நேர் எதிர்.

பந்தயம் பார்க்க வராதவர்கள் கதை கேட்க வருவார்கள் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. மழைக்கு ஒதுங்கிய ஒரு ராத்திரி, டீக்கடையில் பேச ஒன்றும் கிடைக்காமல் யூஜீன் கிறிஸ்டோஃபின் கதையைச் சொன்னேன். 1913 டூர். பிரனீஸ் மலையில் துர்மலே என்கிற கணவாய். ஜெயிக்கும் வாய்ப்புள்ளவர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் அதிலிருந்து இறங்கும்போது சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி யாருடைய உதவியும் வாங்கக் கூடாது, வேறு சைக்கிளும் கிடையாது. உடைந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி செயின்ட்-மரி-த-கம்பான் என்கிற கிராமத்துக் கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, தானே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டினார். ஒரு கை இரும்பைப் பிடிக்கவும் ஒரு கை அடிக்கவும் போய்விட்டது, துருத்தி ஊத ஆளில்லை. பட்டறையில் நின்ற ஒரு சிறுவன் ஊதினான். வெளியாள் உதவி வாங்கியதாகச் சொல்லி அதற்கு நேர அபராதம் போட்டார்கள்.

அங்கேதான் நிறுத்தினேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவன் டம்ளரை வைத்துவிட்டு, “அது அநியாயம்டா” என்றான். நிஜமாகவே கோபம். தேங்காய் மண்டி வைத்திருப்பவன், “விதின்னா விதிதான, ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் ஊதச் சொல்லுவானுக” என்றான். மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் சண்டை. நூறு வருஷத்துக்கு முந்தைய அபராதத்துக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பீல் நடந்தது. ஆறு வருஷம் கழித்து, 1919-ல், டூரில் முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி போட்டவரும் இதே கிறிஸ்டோஃப்தான் என்றேன். பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும், அதனால் மஞ்சள். “அப்ப ஜெயிச்சுட்டானா?” இல்லை, அந்த வருஷமும் கடைசி நேரத்தில் ஃபோர்க் உடைந்தது. கடைசி வரை அவர் டூரை ஜெயிக்கவே இல்லை. மண்டிக்காரன் அதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், மிகப் பொருத்தமாக.

அதற்கப்புறம் லிங்க் அனுப்புவதை விட்டுவிட்டேன். ஜூலை முடிந்ததும் நல்லதாக ஒரு கதையைத் தேற்றி எடுத்துப் போவேன்.

மண்டிக்காரனுக்கென்று ஒரு கிறுக்கு உண்டு, ரேக்ளா. எங்கே ரேஸ் நடந்தாலும் போய் நிற்பான். காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்தே எந்த ஊர்க்காரருடையது என்று சொல்வான். என்னையும் கூட்டிப்போவான். வெயிலில் மணிக்கணக்காக நிற்பதும் நூறு வண்டிகள் ஒரே மாதிரி ஓடுவதும் எனக்குத் தலைவலி. அவன் கையைத் தட்டித் தட்டி, “பாத்தியா, அந்த இடத்துல கயிற விட்டான் பாத்தியா?” என்பான். எதுவும் தெரியாது. பார்த்தேன் என்று தலையாட்டுவேன். எங்கள் பக்கத்து ரேக்ளாவில் வண்டிகளை ஒன்றாக விடுவதில்லை. 200 மீட்டரோ 300 மீட்டரோ, ஒவ்வொன்றாக ஓட்டி நேரம் குறிப்பார்கள். ஒருநாள் நான் தனிநபர் நேரப் பந்தயத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போக, “ஒவ்வொருத்தனா விட்டு டைம் எடுக்கறதா? அது எனக்குத் தெரிஞ்ச விசயமாச்சே. அது வர்ற அன்னைக்குக் கூப்புடு” என்றான்.

கூப்பிட்டேன். 2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, மண்டி லீவு. பாரிஸில் ஒலிம்பிக்ஸ் வேலை நடந்ததால் அந்த வருஷம் டூர் முதன்முறையாகப் பாரிஸுக்கு வெளியே, நீஸ் நகரத்தில் முடிந்தது. மொனாக்கோவில் கிளம்பி நீஸில் முடியும் 33 சொச்சம் கிலோமீட்டர் நேரப் பந்தயம்தான் கடைசி நாள். கடைசி நாளில் இப்படி வைத்தது 1989-க்குப் பிறகு அப்போதுதான். அந்த 1989-ல் கடைசி நாள் கிளம்பும்போது லாரன்ட் ஃபினியோன் 50 நொடி முன்னிலை, முடியும்போது கிரெக் லெமாண்ட் 8 நொடியில் ஜெயித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி எட்டே நொடி. இதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிச் சூடேற்றி வைத்திருந்தேன்.

வந்தான். சாயங்காலமே வந்ததால் முதலில் பார்த்தது பட்டியலின் அடியில் இருந்தவர்களை. இதில் கடைசியில் இருப்பவர்தான் முதலில் கிளம்புவார். அப்படி ஆரம்பத்திலேயே கிளம்பியவர்களில் மார்க் கேவண்டிஷும் ஒருவர். “இவன்தான் டூரில் எல்லாரையும் விட அதிக நாள் ஜெயித்தவன், 35 தடவை. மெர்க்ஸோட சாதனையை இந்த மாசம்தான் ஒடைச்சான், 39 வயசுல” என்றேன்.

“எல்லாரையும் விட அதிகமா ஜெயிச்சவன் ஏன் கடைசில நிக்கறான்?”

எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைக்க எத்தனை வருஷம் ஆனது! அவர் சமதரையில் கடைசி 200 மீட்டருக்கானவர், மலையில் ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்குவார், அன்றைய கெடு நேரத்துக்குள் வந்து சேர்வதே அவருக்குப் போராட்டம், வராவிட்டால் மறுநாள் கிடையாது, அணித்தோழர்கள் கூடவே பின்தங்கி அவரை மலை தாண்டவைப்பார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் பாதி கேட்டான். மீதி நேரம் போனில் தேங்காய் விலை ஓடியது. அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, காலையில் லோடு வருகிறதென்று போகச்சார் கிளம்பும் முன்பே எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மண்டியிலிருந்து போன். பின்னால் மட்டை உரிக்கும் சத்தம்.

“நேத்து யாரு ஜெயிச்சது, உன்ற பவுலரா?”

“அவன்தான். ஒரு நிமிஷம் மூணு செகண்ட்ல.”

“ஒரு நிமிசமா? அதெல்லாம் ஒரு போட்டியா? எங்களுதுல செகண்டுக்குள்ள பாயிண்ட்டுல போயிரும். தை பொறக்கட்டும், நீ வந்து பாரு.”

வருகிறேன் என்றேன். தொப்பி ஒன்று வாங்க வேண்டும்.